இரண்டரை வயதாகியும் அரைத்த கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது, என்ன செய்யலாம்?

தக்கலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மகன் கட்டியாக எது பட்டாலும் ஓங்கரிக்கிறான், பாட்டி பிடித்துவைத்து ஊட்டுகிறார்.

முதலில் அந்தப் பிடித்து ஊட்டுவதை நிறுத்துங்கள். பயம்தான் கூடும். இதை அடம் என்று நினைக்க வேண்டாம். 9, 10 மாதத்துக்குள் சிறு கட்டி உணவு பழகாத பிள்ளைகள் பலருக்கு, உணவை நாக்கால் கடைவாய்க்கு ஒதுக்கும் வேலை பிடிபடுவதில்லை.

ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழம்) அவித்து, வழுவழுவென மசித்துத் தொடங்குங்கள். சில நாள் கழித்து, கரண்டியால் அரைகுறையாக மசித்தது. அப்புறம் மெத்தென்ற துண்டு, அவன் கையிலேயே. பிசையட்டும், மூக்கில் பூசிக்கொள்ளட்டும், துப்பினாலும் சரி. புதிய உணவை 10, 15 தடவை பார்த்த பிறகே வாயில் வைக்கும் பிள்ளைகள் உண்டு. அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். போன் காட்டினால் வாய் திறப்பான், மென்று தின்னப் பழகமாட்டான்.

குடிக்கும்போது இருமல், சாப்பிட்டதும் சளி கட்டிய குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி, எடை ஏறாமை, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். அவன் சாப்பிடுவதை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போய் வாயே திறக்கமாட்டான்.