பண்ணை விலங்குகள் ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன என்பதைக் கேமராவை வைத்துக் கணினியால் கண்காணிக்க முடியுமா? எந்த மாடலில் (படங்களைப் பார்த்து அடையாளம் காணப் பழக்கிய கணினி நிரலில்) தொடங்கலாம்?

முடியும். ஆனால் மாடலைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். விலங்கைக் கண்டுபிடித்துச் சுற்றிலும் கட்டம் போடுவதை படத்தில் உள்ள பொருள்களைக் கண்டறியும் யோலோ (YOLO) போன்ற மாடல்கள் இன்று நன்றாகவே செய்கின்றன. சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

முதலில், எது எந்த விலங்கு என்பது. ஹோல்ஸ்டீன் மாடுகளில் இது ஓரளவு சுலபம். ஒரு மாட்டின் கறுப்பு வெள்ளைத் திட்டுகள் இன்னொன்றுக்கு அப்படியே வராது, மேலிருந்து எடுத்த படமே போதும். ஒரே நிறப் பன்றிகள் என்றால் பெரும்பாடு. இரண்டு பன்றிகள் ஒன்றையொன்று உரசிப் படுத்து எழுந்தால் போதும், கணினி தான் அவற்றுக்குக் கொடுத்த எண்ணை மாற்றிப் போட்டுவிடும். அதன்பிறகு கடிக்கிற பன்றியின் கணக்கெல்லாம் கடிபடுகிற பன்றியின் பெயரில் ஏறும். தலை எண்ணுவதற்கு இது பெரிய பாதிப்பு இல்லை. எது எதை விரட்டுகிறது என்று பார்ப்பவருக்கோ மொத்தப் பதிவும் வீண். அதனால் முதுகில் வண்ண அடையாளம் போடுங்கள். இல்லையென்றால் மின்னணுக் காது வில்லையைத் தீவனத் தொட்டியருகே படிக்கவைத்து, ஒவ்வொரு முறை வரும்போதும் எண்ணைச் சரிபாருங்கள்.

அடுத்தது, பக்கத்தில் நிற்பதெல்லாம் உறவு ஆகிவிடாது. தீவனத்துக்காக நிற்கும் இரண்டு மாடுகளுக்குள் ஒட்டுதலே இல்லாமல் இருக்கலாம். ஒன்று மற்றொன்றின் தலையையும் கழுத்தையும் நக்கிக்கொடுப்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். அதேபோல, ஒன்று தலையால் முட்ட மற்றது தொட்டியை விட்டு விலகுவது. எது வந்தது, எது விலகியது என்ற வரிசை தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது, ஆகவே தனித்தனிப் படங்கள் உதவாது. நார்வே விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பெ 1920களின் தொடக்கத்தில் கோழிகளின் கொத்து வரிசையை, அதாவது எது எதற்கு மேல் என்ற படிநிலையை, விவரித்ததும் எது எதைக் கொத்துகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான்.

எல்லாவற்றுக்கும் தனி அடையாளம் தேவை என்றும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பன்றியின் வால். வால் கடிக்கும் பழக்கம் கொட்டிலில் பரவுவதற்கு முன்பே, வாலைத் தொங்கவிட்ட பன்றிகள் அதிகமாகின்றன. முப்பரிமாணக் கேமரா இதைப் பிடித்துவிடும். எந்தப் பன்றி என்று தெரியாவிட்டாலும், கொட்டிலில் எத்தனை வால்கள் தாழ்ந்திருக்கின்றன என்பதே எச்சரிக்கை. காயம் படும் முன்பே தெரிகிறது என்பதால் இதற்காக எவ்வளவு உழைத்தாலும் தகும். ஆயிரக்கணக்கான பிராய்லர் கோழிகள் உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றையும் பின்தொடர முயலாதீர்கள். விலங்கு நடத்தை ஆய்வாளர் மேரியன் டாக்கின்ஸ் குழுவினர் கூட்டம் மொத்தமாக நகரும் விதத்தை ஆப்டிகல் ஃப்ளோ (அடுத்தடுத்த படங்களுக்கிடையே தெரியும் அசைவைக் கணக்கிடும்) முறையில் அளந்தே, கோழிகளின் நடக்கும் திறன் போன்றவற்றோடு அதற்குத் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள்.

துல்லிய சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். வீடியோவின் 100 ஃபிரேமில் (தனிப் படத்தில்) ஒன்றில்தான் சண்டை என்றால், "சண்டையே இல்லை" என்று எப்போதும் சொல்லும் மாடலுக்கும் 99% கிடைக்கும். சோதனைக்கு மாடல் பார்த்திராத கொட்டிலின் வீடியோவை வையுங்கள். ஒரே வீடியோவின் அடுத்தடுத்த ஃபிரேம்கள் கிட்டத்தட்ட ஒரே படம்தான், அவற்றில் சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைச் சோதனைக்கும் வைத்தால் அது சோதனையே ஆகாது. மாடலைப் பழக்க வீடியோவைப் பார்த்து லேபிள் போடும் (எது என்ன என்று குறிக்கும்) இரண்டு பேர் எது சண்டை, எது விளையாட்டு என்பதில் ஒத்துப்போகிறார்களா என்றும் முதலிலேயே பாருங்கள்.

பன்றிகளில் தொடங்குவதாக இருந்தால், வெவ்வேறு குழுக்களை ஒன்றாகக் கலந்துவிடும் முதல் இரண்டு நாட்களை இரவு பகலாகப் பதிவு செய்யுங்கள். யார் பெரியவர் என்று முடிவாகும் சண்டைகளில் பெரும்பாலானவை அப்போதுதான் நடக்கும்.