பென்சிலைத் தூக்கி எறியும் யு.கே.ஜி. பிள்ளைக்கு வீட்டில் என்ன கொடுக்கலாம்?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. யு.கே.ஜி. படிக்கிறான். தினமும் நான்கு கோடு நோட்டில் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்கிறார்கள். இரண்டு வரி முடிவதற்குள் கை வலிக்கிறது என்று பென்சிலை எறிந்துவிடுகிறான். பேச்சிலும் கதை சொல்வதிலும் எந்தக் குறையும் இல்லை. "வீட்டில் ஆக்டிவிட்டி செய்ய வையுங்கள்" என்கிறார் மிஸ். இணையத்தில் பார்த்தால் ஒரு பெட்டி 3,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா? நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். இன்னொன்று, அவன் இடது கையால்தான் வரைகிறான். மாற்ற வேண்டுமா? - ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பெட்டி வேண்டாம். அதில் இருப்பவற்றில் பாதி உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. மீதிப் பாதி ஏற்கெனவே வெட்டி, துளையிட்டு, ஒட்ட மட்டும் மிச்சம் வைத்து வருபவை. பிள்ளையின் கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையைத் தொழிற்சாலையே செய்து முடித்துவிடுகிறது.

'கை வலிக்கிறது' என்பதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும், பிறகு ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். உங்கள் மகன் வயதில் எக்ஸ்ரே எடுத்தால் எட்டில் சில மட்டும்தான் தெரியும். கடைசி எலும்பு தெரிய 8 வயதுக்கு மேலேயே ஆகும். விரல்களை நுணுக்கமாக ஆட்டும் உள்ளங்கைத் தசைகளும் இப்போதுதான் பலம் கூடி வருகின்றன. அந்தக் கையிடம் ஒரு பக்கம் எழுது என்றால், ஒன்று அழும், இல்லையென்றால் பென்சிலை முஷ்டியில் இறுக்கிப் பிடித்து எப்படியோ முடித்துக் கொடுக்கும். இரண்டாவதுதான் எனக்குக் கவலை. அந்தப் பிடி பழகிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

எழுத்துக்கும் ஒரு வரிசை இருக்கிறது. பார்த்து வரைவதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வயதை ஒட்டி வட்டம் வரும், நான்கில் கூட்டல் குறி, ஐந்துக்குள் சதுரம், அதற்குப் பிறகு முக்கோணம். சாய்கோடுதான் கடைசியில் கைவரும். இந்தக் கணக்கில் 'அ' எவ்வளவு கடினம் என்று பாருங்கள்: சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெடுங்கோடு எல்லாம் ஒரே எழுத்தில். 'ட', 'ப' இரண்டும் வெறும் நேர்கோடுகள். வீட்டில் எழுத வைப்பதானால் அவற்றில் தொடங்குங்கள்.

ஆனால் முதலில் எழுத்து வேண்டாம், தோள் வேண்டும். தோளும் முழங்கையும் ஆடாமல் நின்றால்தான் விரல் தன் போக்கில் அசையும். ஒரு சொம்புத் தண்ணீரும் பழைய பெயிண்ட் பிரஷும் கொடுத்து மொட்டைமாடிச் சுவரில் 'பெயிண்ட்' அடிக்க விடுங்கள். யாராவது பெரியவர் உடன் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. செங்குத்தான பரப்பில் கோடு இழுக்கும்போது மணிக்கட்டு தானாகவே பின்னால் மடங்கி நிற்கும். பென்சில் பிடிக்கத் தேவையான நிலையும் அதுதான். தப்பாகப் போட்டாலும் வெயில் அழித்துவிடும், மாமியாருக்குத் துடைக்கும் வேலையும் இல்லை. மாடி இல்லையென்றால் சிலேட்டைச் சுவரில் கண் உயரத்துக்கு மாட்டிவிடுங்கள். நின்றுகொண்டு சாக்பீஸால் கிறுக்கட்டும்.

அடுத்தது அடுக்களை. முருங்கைக்கீரை ஆய்வதைவிட நல்ல விரல் பயிற்சியை நான் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. ஒரு கை காம்பைப் பிடிக்கிறது, மற்றொரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இலையைக் கிள்ளுகின்றன. இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்யப் பழகினால்தான் நாளை ஒரு கை நோட்டைப் பிடிக்கும், மறு கை எழுதும். பட்டாணி உரிப்பது, பீன்ஸை ஒடிப்பது, பூண்டுத் தோல் நீக்குவது எல்லாம் இதே ரகம். பத்து நிமிடம் போதும். கீரையில் காம்பு கிடந்தால் கிடக்கட்டும். அவன் எதிரிலேயே மறுபடி ஆயாதீர்கள்.

பிசைவதற்குச் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுத்தாலே போதும். சில நாள் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், தேவைக்குத் தண்ணீர். நிறத்துக்கு மஞ்சள் தூளோ பீட்ரூட் சாறோ போதும். மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு அதிகம், தின்ன விடக்கூடாது. முதலில் லட்டு பிடிப்பான், பாம்பு திரிப்பான், முறுக்கு சுற்றுவான். பிறகு அதே பாம்பை மடக்கி 'ட' செய்யச் சொல்லலாம். அவன் செய்யும் யானைக்குத் தும்பிக்கை முதுகில் இருந்தாலும் நீங்கள் கை வைக்காதீர்கள். "இதை எப்படிச் செய்தாய்?" என்று மட்டும் கேளுங்கள், அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும். (பள்ளிக்கு 'புராஜெக்ட்' என்று அப்பா இரவு பதினொரு மணி வரை தெர்மாகோல் வெட்டும் வழக்கத்தையும் இந்த இடத்தில் திட்டிவிட்டு நகர்கிறேன்.)

உங்கள் வீட்டில் இருக்கும் பெரிய சொத்து மாமியார். அவரிடம் 'ஆக்டிவிட்டி' என்று பட்டியல் நீட்டாமல், கோலம் போடும்போது இவனையும் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அவர் மூன்றுக்கு மூன்று புள்ளி வைக்கட்டும், இவன் சாக்பீஸால் இணைக்கட்டும். சில வாரம் போனதும் மாவைக் கொடுக்கலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை அளவாக விடும்போது வேலை செய்யும் விரல்கள்தான் பென்சிலையும் பிடிக்கப் போகின்றன. மாலையில் பல்லாங்குழி ஆடலாம். முழு ஆட்டமும் இந்த வயதுக்குப் பிடிபடாது. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால் போதும். எண்ணுவது என்பதே அதுதான்: ஒரு காய்க்கு ஓர் எண். ஒன்றிலிருந்து நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைகள் பலருக்கு ஏழு புளியங்கொட்டையை எடுத்துத் தரத் தெரியாது.

இதில் ஓர் எச்சரிக்கை. சில வீடுகளில் பல்லாங்குழிக்குக் குன்றிமணியைப் போட்டு ஆடுவார்கள். அழகாக இருக்கும், ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அது. ஆமணக்கு விதையும் அப்படித்தான். இரண்டும் வேண்டாம். புளியங்கொட்டையும் மூக்கிலோ தொண்டையிலோ போகக்கூடிய அளவுதான், அதனால் ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். வாயில் போடும் தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் இந்த ஆட்டமே இப்போதைக்கு வேண்டாம்.

எழுத உட்காரும்போது நீளப் பென்சிலுக்குப் பதில், ஒரு அங்குல அளவுக்கு உடைத்த கிரேயானைக் கொடுங்கள். அத்தனை சிறிய துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, மூன்று விரல்கள் தாமாகவே வந்து சேரும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், அழுகை தொடங்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

நோட்டுப் பக்கத்துக்கு மிஸ்ஸிடம் நேரில் போய், ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு வரி போதுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கும் இது தெரியும், பக்கம் நிரம்பவில்லையே என்று கேட்கும் பெற்றோர்தான் அவருக்கு நெருக்கடி. தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் மற்ற சர்ச்சைகள் ஒருபுறம் இருக்கட்டும், 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கல்வி என்பதை அதுவும் சொல்கிறது. மிஸ் தயங்கினால் பள்ளி நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல இது உதவும்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று மாதத்தில் சிறு மாற்றம்கூட இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். வட்டம்கூடப் பார்த்து வரைய வராதது, அடிக்கடி தடுக்கி விழுவது, ஒரு கையைப் பயன்படுத்தாமலேயே விடுவது இருந்தால் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் உடனே போங்கள். அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் கேட்டால், வளர்ச்சித் தாமதத்துக்கான மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

இடது கையை மாற்ற வேண்டாம். மாமியார் வருத்தப்பட்டால், சாப்பாட்டுக்கு வலது, எழுத்துக்கு இடது என்று சமாதானம் செய்துகொள்ளலாம். பல வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது. எழுதும்போது தாளின் மேல் பக்கம் சற்று வலப்புறம் சாய்ந்திருக்கட்டும். எழுதியதைக் கை மறைக்காமல் இருக்க, கிரேயானைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் வாங்கும்போது இடதுகைக்காரர்களுக்கான கத்தரி என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கத்தரியில் இடது கையால் வெட்டினால் தாள் வெட்டுப்படாமல் மடங்கிக்கொண்டு போகும். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கவும் மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள், பக்கத்துப் பையனின் முழங்கையோடு தினமும் இடிபட வேண்டியிருக்காது.