நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது ஆபீஸ் மெயில்

தம்பி, ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தபின் முதல் தடவையாக மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போகிறீர்கள். காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து அரை நாள் வேலையும் பார்க்க வேண்டும், அங்கே ஆபீஸ் மெயில் இறங்கவே இறங்காது என்கிறார்களே, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

தென்னந்தோப்புக்குள் சிக்னல் குறைவு, அது தெரிந்த கதை. ஆனால் மொட்டைமாடியில் நல்ல சிக்னல் கிடைத்தாலும் மெயில் மெதுவாகத்தான் வரும். சர்வர் ஜெர்மனியில் இருக்கிறது, 7,000 கிலோமீட்டருக்கு மேல். மெயில் ஒளியாக வரும் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்த் திரும்பவே 0.07 நொடி. சுற்றுவழி, மொபைல் டவர் எல்லாம் சேர்ந்தால் 0.2 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாப்3 (POP3) என்பது மெயிலை முழுதாகக் கணினிக்கு இறக்கும் முறை; அதில் பொதுவாக ஒவ்வொரு மெயிலாகக் கேட்டு, அது வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். 500 மெயில் சேர்ந்திருந்தால் வெறும் காத்திருப்பே 100 நொடி.

இதைவிடப் பெரிய சுமை, மெயிலோடு இணைத்து வரும் டிராயிங் கோப்பு. மெயிலில் போகும் கோப்பு 3 பைட்டுக்கு 4 எழுத்தாக மாறித்தான் போகிறது. 9 எம்பி டிராயிங் 12 எம்பி ஆகிவிடும். நடுவில் லைன் அறுந்தால் பாப்3-இல் அந்த மெயில் மறுபடி முதலிலிருந்து இறங்க வேண்டும். எனக்கு இதைப் பார்த்தாலே ஆத்திரம் வரும். நமக்குத் தேவை அதில் இரண்டு வரிதான்!

அதனால் ஐமேப் (IMAP), அதாவது மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறையில், கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். யார் அனுப்பியது, என்ன விஷயம் என்ற தலைப்பு மட்டும் முதலில் வரும். திறக்கும் மெயில் மட்டும் இறங்கும். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பகுதியில், எல்லா மெயிலையும் கணினியில் வைத்துக்கொள்ளும் டிக்கை எடுத்துவிடுங்கள். இத்தனை கேபிக்கு மேல் உள்ளதை இறக்காதே என்ற இடத்தில் 50 போடுங்கள். பாப்3-ஐக் கைவிட ஆபீஸில் சம்மதிக்காவிட்டால், அதிலும் இந்த அளவுக் கட்டுப்பாடு உண்டு, அது ஒன்றே பாதிச் சுமையைக் குறைத்துவிடும்.

அப்புறம் ஒன்று, இதைக் கட்டாயம் செய்யுங்கள்: இந்த மாற்றத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே, இங்கே நல்ல லைனில் முடித்துவிடுங்கள். முதல் தடவை பழைய மெயில்களின் தலைப்பு எல்லாம் மொத்தமாக வரும். அதைத் தோட்டத்தில் உட்கார்ந்து இழுக்க வேண்டாம். கூட வேலை செய்பவர்களிடமும் டிராயிங்கை மெயிலில் இணைக்காமல் கம்பெனி சர்வரில் போட்டு லிங்க் அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.