அந்த அம்மாவிடம் என்ன சொல்வது?

வணக்கம் அண்ணா,

மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். ஆற்றிலோ காட்டிலோ யாராவது காணாமல் போனால் தேடப் போகும் பொடியன்களில் நானும் ஒருவன். போன மாதம் நீர்வீழ்ச்சிக்குக் கீழே தடாகத்தில் விழுந்த ஒரு பையனை மூன்றாம் நாள் எடுத்தோம். கையைப் பிடித்து இழுத்தேன், தோல் கழன்று என் கையோடு வந்துவிட்டது. அவன் எங்களுக்கு அடுத்த லயம், அடுத்த வரிசை வீடு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவன் அம்மா என்னைக் கண்டால், "என் புள்ளைக்கு வலிச்சிருக்குமா தம்பி" என்று கேட்கிறார். எனக்குப் பதில் வருவதில்லை. இப்போது அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன். தேடப் போவதை விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புத் தம்பி,

முதலில் அந்தக் கையைப் பற்றிப் பேசிவிடுவோம், உன் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் கிடந்தால் யாருடைய தோலும் ஊறித் தளர்ந்துவிடும். உள்ளங்கைத் தோல் சில நேரம் நகத்தோடு சேர்ந்து உறை மாதிரியே கழன்று வரும். நீ முரட்டுத்தனமாக இழுத்ததால் நடந்ததில்லை, அவனுக்கு அது தெரியவும் இல்லை. மலைத் தண்ணீரின் குளிருக்கு உடல் மிதந்து மேலே வரவே நாள் எடுக்கும், அத்தனை நேரமும் தோல் ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

இதை உங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். கையையோ காலையோ பிடித்து இழுக்காமல், தண்ணீருக்குள்ளேயே உடலுக்கு அடியில் ஒரு தார்ப்பாய்ப் படங்கைச் செலுத்தி, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். கரைக்கு வந்ததும் மூடிவிட்டு, பொலிஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பதிலாக நாம் என்ன கொடுக்கிறோம்? இறங்கும் முன் கொஞ்சம் சாராயம், ஏறிய பின் இன்னும் கொஞ்சம். அதை மரியாதை என்று வேறு நினைக்கிறோம். அப்படியே குடிக்கப் பழகியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, அந்த அம்மா. வலித்ததா இல்லையா என்பது உனக்குத் தெரியாது, தெரியாததைச் சத்தியம் பண்ண வேண்டாம். தண்ணீருக்குள் மூச்சு முட்டினால் சில நிமிடங்களுக்குள் நினைவு போய்விடும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள், அதைச் சொல்லலாம். ஆனால் தன் பிள்ளையைக் கடைசியாகத் தொட்டவன் நீ, அதனால்தான் உன்னையே கேட்கிறார். "நாங்க எல்லாரும் சேந்துதாம்மா தூக்குனோம், தனியா விடல" என்று சொல். தோல் விஷயம் என்னிடம் சொன்னதோடு இருக்கட்டும்.

சுற்றிப் போகாதே. கடற்படைச் சுழியோடிகள் வேலை முடிந்ததும் வாகனம் ஏறிவிடுவார்கள், நீ மறுநாள் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும், தோட்டத்தில் தேடப் போகிறவனுக்கு இதுதான் பெரிய பாரம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, இராணுவம் நாட்கணக்கில் தோண்டியும் பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. புதைத்த இடம் என்று காட்ட அந்தக் குடும்பங்களுக்கு ஒன்றுமில்லை. இந்த அம்மாவால் தன் பிள்ளைக்கு ஒரு பிடி மண் போட முடிந்தது, நீங்கள் போனதால்தான்.

விடலாமா என்றால், தண்ணீரில் இறங்குவதை இப்போதைக்கு விடு. கயிறும் மிதவை அங்கியும் இல்லாமல் மழைக்காலத்தில் தடாகத்தில் இறங்குவதை நான் எப்போதுமே எதிர்க்கிறேன், மேலே பெய்த மழைக்கு ஆற்றுத் தண்ணீர் சில நிமிடங்களிலேயே ஏறிவிடும், அப்புறம் தேடப் போனவனையும் தேட வேண்டி வரும். ஆனால் குழுவை விட்டு விலகாதே. அடுத்த முறை கீழே குடும்பத்தோடு நில். என்ன கிடைத்தாலும் ஒரு பெரியவர் மட்டும் நேரில் போய்ச் சொல்வது என்று தேடப் போகும் முன்பே பேசி வையுங்கள். உடல் கரையேறும் முன் வாட்ஸ்அப்பில் படம் போய், தாய் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கொடுமை வேண்டாம். படம் எடுக்கப் போனைத் தூக்குகிறவனை அங்கேயே திருப்பி அனுப்புங்கள்.

ராத்திரியில் அந்தக் கை வந்துகொண்டே இருந்தால் 1926க்கு எடு, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். மாதம் ஒன்றாகியும் தூக்கம் சரியாகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். தனியாகப் போக ஒரு மாதிரி இருந்தால் எழுது, கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன்.