சாதனாவின் நெற்றியும் உங்கள் தோளும்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 27. கோவையில் ஐ.டி. வேலை. அறுபதுகளின் உடை, தலையலங்காரம், கண் ஒப்பனை என்றால் எனக்கு உயிர். போன் முழுக்க இந்தி நடிகை சாதனாவும் லண்டன் மாடல் ட்விக்கியும்தான். ஆபீசுக்கும் வால் விட்டு மை தீட்டி, பின்தலையில் பஃப் வைத்துத்தான் போகிறேன். “பழைய படத்துலேர்ந்து இறங்கி வந்த மாதிரி இருக்கே” என்கிறார்கள். பாராட்டா கேலியா, தெரியவில்லை. நாம் வாழாத ஒரு காலத்தை உடுத்திக்கொள்வது வேஷம்தானா? போன மாதம் இணையத்தில் அறுபதுகள் பாணி கவுன் ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். தோளில் நிற்கவில்லை. கையைத் தூக்கினால் மொத்த கவுனும் மேலே ஏறுகிறது. என் உடம்பு அந்த உடைகளுக்கு ஏற்றதில்லை போலிருக்கிறது. இரண்டு வாரமாக மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். அந்தக் காலத்து வெளிர் லிப்ஸ்டிக் எனக்குச் சரிவருமா? சில சமயம் தவறான காலத்தில் பிறந்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

வி.

அன்புள்ள வி.,

முதலில் சாப்பிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். உங்களைப் பார்த்தே இராத யாரோ வெட்டிய கவுன் உங்கள் தோளில் நிற்கவில்லை என்றால் குற்றம் கவுனுடையது. தண்டனையை வயிற்றுக்குக் கொடுப்பது என்ன நியாயம்? ட்விக்கியின் மெலிவு இயல்பானது. தான் நன்றாகச் சாப்பிடுகிறவள் என்று அவரே சொல்லியிருக்கிறார். லண்டனில் பீபா என்ற உடைக்கடையை நடத்திய பார்பரா ஹுலானிக்கி, தன்னிடம் வந்த பெண்களைப் பற்றி எழுதும்போது, போருக்குப் பிறகு சத்தான உணவு கிடைக்காமல் வளர்ந்து ஒல்லியானவர்கள் என்கிறார். பிரிட்டனில் உணவு ரேஷன் முழுதாக முடிந்ததே 1954-ல்தான். அந்தப் படங்களில் நீங்கள் பார்க்கும் ஒடுங்கிய தோளிலும் மெல்லிய கையிலும் பற்றாக்குறைக்கும் பங்கு இருக்கிறது. சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண் நீங்கள், அதற்குள் நுழைவதற்காக எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும்?

வெளிர் லிப்ஸ்டிக் வேண்டாம். அது லண்டனின் வெளுத்த தோலுக்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கும் பொருந்திய நிறம். உங்கள் உதட்டின் நிறத்தைவிட ஒரு சாயல் மட்டும் வெளிறியதாக, பழுப்பு கலந்த ரோஜாவாகப் பாருங்கள். தவறான காலத்தில் பிறந்தேனோ என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். 1965-ல் எத்தனை வீடுகளில் 27 வயதுப் பெண்ணின் கையில் அவள் சம்பளமும், என்ன உடுத்துவது என்ற முடிவும் இருந்தன?

வேஷமா இல்லையா என்று கேட்டீர்கள். அதற்குச் சாதனாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

1960-ல் வந்த ‘லவ் இன் சிம்லா’ படத்துக்காக ஒப்பனை செய்து பார்த்தபோது அவருடைய நெற்றி அகலமாகத் தெரிந்தது. முடி தொடங்கும் இடத்தில் ஒரு பட்டையை ஒட்டி மறைக்கப் பார்த்தார்கள். சரிவரவில்லை. ஆட்ரி ஹெப்பர்ன் போல முன்முடியை நெற்றியில் விழும்படி வெட்டிவிடலாம் என்று இயக்குநர் ஆர்.கே. நய்யார் சொன்னார். அதுதான் நாடு முழுவதும் சலூன்களில் பெண்கள் கேட்டு வாங்கிய ‘சாதனா கட்’. பிரபலமான பிறகு எல்லாருக்கும் அது ஒரு ஸ்டைல். அவருக்கோ அது தன் நெற்றிக்குத் தேடிய தீர்வு. ஹெப்பர்னைப் பார்த்துத்தான் வெட்டினார்கள், ஆனால் சாதனாவைப் பார்த்து யாருக்கும் ஹெப்பர்ன் வேஷம் என்று தோன்றவில்லை. அடுத்தவரிடமிருந்து எடுத்தது, தன் நெற்றியின் தேவைக்குச் சரியாக உட்கார்ந்துவிட்டது.

1965-ல் வந்த ‘வக்த்’ படத்தில் அவர் அணிந்த சூரிதாரையும் பாருங்கள். ஆடை வடிவமைப்பு பானு அதையா, பிற்பாடு ‘காந்தி’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். சூரிதார் பழைய உடைதான், சாதனா புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. உடம்போடு ஒட்டிய குர்தாவுடன் அது அவ்வளவு நாகரிகமாகத் தெரிந்ததற்குக் காரணம் வெட்டு. சூரிதார் துணியை நேராக வெட்டினால் காலில் பிடிக்காது, முழங்காலை மடக்கினால் இழுக்கும். சாய்வாக, கிராஸ் கட்டாக வெட்டினால்தான் துணி காலோடு போய், கணுக்காலில் வளையல் வளையலாக மடிந்து நிற்கும். அதற்குத் துணி அதிகம் பிடிக்கும், வேலையும் அதிகம். லெக்கிங்ஸ் வந்தது, அந்தப் பொறுப்பை எலாஸ்டிக் எடுத்துக்கொண்டது, நாமும் அந்த வெட்டை மறந்தோம்.

லண்டன் கதையும் இதுதான். மேரி குவான்ட் 1955-ல் கிங்ஸ் ரோட்டில் பஸார் என்ற கடையைத் திறந்தவர். தான் நினைத்த மாதிரி உடை வெளியில் கிடைக்காததால் ஹாரட்ஸ் என்ற பெரிய கடையில் சில்லறை விலைக்குத் துணி வாங்கினார். மாலை வகுப்பில் வெட்டக் கற்றுக்கொண்டார். கடையில் விற்கும் காகித பேட்டர்ன்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி, தன் அறையிலேயே தைக்க வைத்தார். பகலில் விற்று வந்த பணம் மறுநாள் துணிக்கு. ட்விக்கி நீஸ்டனைச் சேர்ந்த ஒரு தச்சரின் மகள், இயற்பெயர் லெஸ்லி ஹார்ன்பி. அம்மா தைக்கச் சொல்லிக்கொடுத்திருந்ததால், பள்ளி நாட்களிலேயே தன் உடையைத் தானே தைத்துக்கொண்டவர். 1966-ல் லியனார்டின் சலூனில் முடி வெட்டி எடுத்த படம்தான் உங்கள் போனில் இருக்கிறது. ஹுலானிக்கி 1964-ல் டெய்லி மிரர் பத்திரிகை வழியாக விற்ற இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட கவுனின் விலை 25 ஷில்லிங். 17,000 பேர் கேட்டு எழுதினார்கள். தையல் மிஷினும் கத்தரிக்கோலும் தெரிந்த பெண்கள் இவர்கள். பளபளப்பு மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது, தையல் வந்து சேரவில்லை.

இப்போது உங்கள் கவுன். கையைத் தூக்கினால் மொத்தமும் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் மிக முக்கியமான வரி அது, நீங்களோ உடம்பின் குறை என்று நினைத்து அதைக் கடந்து போய்விட்டீர்கள். அது அக்குள் வளைவின் குறை. டெய்லர்கள் ஆம்ஹோல் என்பார்கள். அந்த வளைவு அக்குளுக்கு நெருக்கமாக, உயரமாக வெட்டியிருந்தால் கையைத் தூக்கும்போது கை மட்டும்தான் ஏறும், உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும். தாழ்வாக, பெரிதாக வெட்டியிருந்தால் கையோடு சேர்த்து இடுப்புத் துணியையும் இழுக்கும். இன்றைய ரெடிமேடுக்காரர்கள் வேண்டுமென்றேதான் தாழ்வாக வெட்டுகிறார்கள், ஒரே அளவுக்குள் பல உடம்பு நுழைய வேண்டுமே. உடம்பின் வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் மடிப்பான டார்ட்டையும் விட்டுவிட்டு, இழுத்தால் நீளும் துணியை வைத்துச் சமாளிக்கிறார்கள். பீபாவின் உடைகளோ ஒடுக்கமான தோளுக்கும் உயர்ந்த ஆம்ஹோலுக்கும் பேர்போனவை. அந்தப் படங்களில் பெண்கள் நிமிர்ந்து, கை கால் நீண்டு தெரிவதில் பாதி அந்த வளைவின் வேலை. உங்களுக்கு விற்றவர்கள் அந்த நிறத்தையும் காலரையும் நகலெடுத்திருக்கிறார்கள், வளைவை விட்டுவிட்டார்கள்.

நான் ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சில மாதங்களாக எனக்கு இதே நினைப்புத்தான். சித்தி போன பிறகு அவள் பீரோவைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. அதில் அவளுடைய அறுபதுகளின் ஜாக்கெட்டுகள் இருந்தன. டூ பை டூ துணி, கையால் போட்ட எம்மிங், உள்ளே இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் துணி. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டர். வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் கால் போர்டில் உட்கார்ந்தால் நாள் முழுக்கக் கையை நீட்டி, தூக்கி, கம்பியைச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஜாக்கெட் ஏறி இடுப்பு தெரியக்கூடாது, முதுகு பிடிக்கக்கூடாது, சாயங்காலம் வரை மடிப்பு கலையக்கூடாது. அதனால் ஆம்ஹோலை உயர்த்தி உயர்த்தி வெட்டியிருக்கிறாள். ஒரு ஜாக்கெட்டின் உள்ளே பென்சில் கோடுகூட இன்னும் தெரிகிறது.

சரோஜாதேவி படம் வந்தால் முதல் வாரமே பார்த்துவிடுவாள். வந்ததும் ஜாக்கெட்டின் கழுத்தைச் செய்தித்தாளில் வரைந்து வெட்டுவாள். ஆனால் அப்போது எல்லாரும் தைத்துக்கொண்ட போட் நெக்கை மட்டும் அவள் தொடவில்லை. அவளுக்குச் சரிவான தோள், அதிலும் இடது தோள் கொஞ்சம் தாழ்ந்தது. அகலக் கழுத்து நழுவும் என்று தெரியும். முன்பக்கம் மூடியும் பின்பக்கம் ஆழமாகவும் ஒரு கழுத்து வைத்துக்கொண்டாள், இடது தோளில் மட்டும் உள்ளே ஒரு சின்னப் பட்டை. தலையில் ஹெட்செட் பட்டை உட்காரும், அதனால் உச்சியில் பஃப் வைக்க முடியாது. பஃப்பைப் பின்னுக்கு இறக்கி, சவுரியைச் சுருட்டி அடியில் கொடுத்துக் கொண்டை போடுவாள். எக்ஸ்சேஞ்சில் மற்றப் பெண்களும் அந்தக் கொண்டையைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்களாம். எங்கள் வீட்டில் அவளை “சினிமாக்காரி” என்று திட்டியவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அந்த ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தவர்கள் இல்லை. எனக்கு அது இப்போதும் ஆறவில்லை.

ஆகவே, சாதனாவின் முன்முடியை வெட்டிக்கொள்வதற்கு முன்னால் உங்கள் நெற்றி எப்படி என்று பாருங்கள். அதற்குத் தேவையில்லை என்றால் வெட்டாதீர்கள். ட்விக்கி கீழ் இமையில் ஒவ்வொன்றாகக் கோடு வரைந்தது பெரிய கண்ணை இன்னும் பெரிதாக்க. உங்கள் கண் எப்படிப்பட்டது என்று எழுதவில்லையே? கடிதத்தில் சாதனா இருக்கிறார், ட்விக்கி இருக்கிறார், உங்களைப் பற்றி ‘ஏற்றதில்லை’ என்ற ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. எனக்கு வலித்த இடம் அதுதான் அம்மா.

சரி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். ஒரு நல்ல டெய்லரைத் தேடிப் பிடியுங்கள். தனியாக மிஷின் போட்டுத் தைக்கும், கொஞ்சம் வயதான பெண்மணியாக இருந்தால் நல்லது. அளவு ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், அதிலுள்ள தப்பெல்லாம் புதியதிலும் வரும். உடம்பில் அளவெடுக்கச் சொல்லுங்கள், இரண்டு தோளையும் தனித்தனியாக. மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய் அளவு கொடுங்கள். முதலில் காடாத் துணியில் ஒன்று வெட்டித் தைத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். கவுன் ஏறினால் ஆம்ஹோலை இன்னும் உயர்த்தச் சொல்லுங்கள். “பிடிக்கும்மா” என்பார்கள், முதலில் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும், விடாதீர்கள். அப்புறம் நல்ல துணிக்குப் போகலாம். வழவழவென்று தொங்குவது வேண்டாம், கொஞ்சம் விறைப்பான காட்டன். டார்ட் கட்டாயம். உள்ளே ஒரு இஞ்ச் விடச் சொல்லுங்கள், நீங்கள் இன்னும் பூசினாற்போல் ஆவீர்கள், ஆக வேண்டும். போனிலிருந்து ஒரே ஒரு படத்தைக் காட்டுங்கள், அதுவும் காலருக்கு மட்டும்.

வாங்கிய கவுனைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்றால் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் தோள் மூட்டில் பிடித்துத் தைத்தால் ஆம்ஹோல் கொஞ்சம் ஏறும். கழுத்தும் கூடவே ஏறும், அதை மறுபடி இறக்கி வெட்டிக்கொள்ளலாம். கை வைத்த கவுன் என்றால் முதலில் கையைப் பிரித்துவிட வேண்டும். அது எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.