நேரம் குறித்தும் வராத நோயாளிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மருத்துவமனை நிர்வாகத்தில் தொழில்நுட்பத்தின் பயன்பாடு குறித்த இப்பகுதிக்கு இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைப் பேசுகின்றன: அப்பாயின்ட்மென்ட் வாங்கிய நோயாளி வருவதில்லை. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இரண்டு நாற்காலிகள் கொண்ட பல் மருத்துவமனை நடத்துகிறேன். ரூட் கேனால் போன்ற சிகிச்சைகளுக்கு 45 நிமிடம் ஒதுக்கி நேரம் தருகிறோம். ஆனாலும் தினமும் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். நினைவூட்டல் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். அதனால் உண்மையிலேயே பலன் உண்டா?
– பல் மருத்துவர், திண்டுக்கல்

பலன் உண்டு, ஐயா. இது நன்றாக அளந்து பார்க்கப்பட்ட விஷயம். கைப்பேசி நினைவூட்டல்களைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, நினைவூட்டல் எதுவும் பெறாதவர்களில் 67.8 சதவீதத்தினர் குறித்த நேரத்துக்கு வந்தார்கள். குறுஞ்செய்தி பெற்றவர்களில் 78.6 சதவீதத்தினரும், தொலைபேசியில் அழைத்துச் சொல்லப்பட்டவர்களில் 80.3 சதவீதத்தினரும் வந்தார்கள். ஆள் வைத்து அழைப்பதற்கும் செய்தி அனுப்புவதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. செலவு மட்டும் செய்திக்குக் குறைவு.

ஆனால் மென்பொருளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வராத ஒவ்வொருவரையும் உங்கள் வரவேற்பாளர் மறுநாள் அழைத்து, குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல் காரணம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வரட்டும். மறந்துவிட்டேன் என்பவர்களோடு, கையில் பணம் இல்லை, கூட வர ஆள் இல்லை, வர முடியாது என்று சொல்லப் பலமுறை அழைத்தும் உங்கள் எண் கிடைக்கவில்லை என்பவர்களும் அதில் இருப்பார்கள். உங்கள் துறைக்கே உரிய காரணம் ஒன்றும் வெளிப்படும்: ரூட் கேனாலில் முதல் அமர்விலேயே வலி நின்றுவிடுவதால், சிகிச்சை முடிந்துவிட்டதாகவே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நினைவூட்டல் என்பது மறதிக்கு மட்டுமே மருந்து. மற்றக் காரணங்களுக்குச் செய்தியின் வாசகமும், அதற்குப் பதில் சொல்லும் வழியும்தான் உதவ வேண்டும்.

ஆகவே, “தங்கள் அப்பாயின்ட்மென்ட் நாளை மாலை 5 மணிக்கு” என்பதோடு செய்தி நின்றுவிடக் கூடாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “வணக்கம். வியாழன் மாலை 5 மணி முதல் 5.45 வரை மருத்துவர் உங்களுக்காக நேரம் ஒதுக்கியுள்ளார். வலி நின்றிருந்தாலும் சிகிச்சை இன்னும் முடியவில்லை. வருவதானால் 1 என்றும், வேறு நாள் வேண்டுமானால் 2 என்றும் பதில் அனுப்புங்கள்.” வாசகம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு லண்டனின் பார்ட்ஸ் மருத்துவமனைக் குழுமத்தில் நடந்த சோதனை நல்ல சான்று. வழக்கமான நினைவூட்டலைப் பெற்றவர்களில் 11.1 சதவீதத்தினர் வரவில்லை; ஒருவர் வராமல் போனால் அரசு மருத்துவச் சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண்டு செலவாகிறது என்ற வரியுடன் செய்தி பெற்றவர்களில் அது 8.4 சதவீதமாகக் குறைந்தது. 2015-இல் வெளியான அந்த முடிவை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை; கட்டணம் செலுத்தும் தனியார் நோயாளியிடம் செலவுக் கணக்கைச் சொன்னால் மனம் புண்படும். அவருக்கென்றே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வதே நம் ஊருக்குப் போதும் என்பது என் கருத்து.

செய்தியை இரண்டு நாள் முன்பு ஒரு முறையும் அன்று காலை ஒரு முறையும் அனுப்பலாம். முதல் செய்திக்கு “2” என்று ஒருவர் பதில் அனுப்பினால் அந்த 45 நிமிடத்தை வேறொருவருக்குக் கொடுக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். அதற்காக, அழைத்தால் உடனே வரக்கூடியவர்களின் பட்டியல் ஒன்று வரவேற்பாளரிடம் எப்போதும் இருக்க வேண்டும்.

இனி நடைமுறை. எஸ்.எம்.எஸ். வழியாக மொத்தமாக அனுப்புவதானால், ட்ராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி உங்கள் நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த வாசகத்தோடு பொருந்தாத செய்தியை அந்நிறுவனங்கள் தடுத்துவிடும். அத்தகைய அனுப்புநர் பெயருக்கு நோயாளி பதில் அனுப்பவும் இயலாது. எனவே 1, 2 என்ற வழியை விட்டுவிட்டு, மருத்துவமனையின் எண்ணைச் செய்தியிலேயே தர வேண்டும். உங்களைப் போன்ற சிறு மருத்துவமனைக்கு, நோயாளியின் சம்மதம் பெற்றுக்கொண்டு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் பயன்படுத்துவது எளிது. அது இலவசம், வாசகங்களைச் சேமித்து வைக்கலாம், நோயாளியும் தயங்காமல் பதில் எழுதுவார். அதைப் பழகிப் பார்த்து, போதவில்லை என்றால் மட்டும் மென்பொருள் பக்கம் போங்கள்.

என் அம்மாவுக்கு 71 வயது. மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். சர்க்கரை நோய்க்காக அவர் செல்லும் மருத்துவமனையிலிருந்து நினைவூட்டல் ஆங்கிலத்தில், சென்னையில் இருக்கும் என் தம்பியின் கைப்பேசிக்கு வருகிறது. தம்பி வேலை மும்முரத்தில் கவனிப்பதில்லை. போன முறை கண் பரிசோதனையே தவறிவிட்டது. யாரைக் குறை சொல்வது?
– வாசகி, திருச்சி

உங்கள் தம்பியைக் குறை சொல்ல வேண்டாம், அம்மா. முதல் முறை பதிவு செய்தபோது யாருடைய எண் கையில் கிடைத்ததோ அதைக் கணினியில் ஏற்றிவிட்டு, பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்காததால் வந்த வினை இது. பதிவு மேசையில் மூன்று கேள்விகள் கூடுதலாகக் கேட்டால் இது தீரும்: செய்தி யாருடைய எண்ணுக்குப் போக வேண்டும், எந்த மொழியில், எழுத்தாகவா குரலாகவா? இரண்டு எண்களைப் பதிவதில் எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. அடுத்த முறை அம்மாவுடன் நீங்களே போய் மாற்றித் தரச் சொல்லுங்கள்; மறுத்தால் எழுதிக் கொடுங்கள்.

அம்மா செய்தி படிப்பதில்லை என்றால் பதிவு செய்த குரல் அழைப்பே ஏற்றது. மும்பையைச் சேர்ந்த அர்மான் என்ற தொண்டு நிறுவனத்தின் எம்மித்ரா திட்டம், கர்ப்பிணிகளுக்கும் இளந்தாய்மார்களுக்கும் அவரவர் மொழியில், அவர்கள் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் குரல் அழைப்பாகவே தகவல் சொல்கிறது. எழுத்தைப் படிக்க இயலாதவரிடமும், கண் மங்கியவரிடமும் குரல் போய்ச் சேரும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்படும்போது தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம் என்பதால், தவறிய அந்தப் பரிசோதனையை அடுத்த முறைக்குத் தள்ளிப் போடாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதந்தோறும் வர வேண்டியவர்களில் பலர் இரண்டு மூன்று மாதம் வருவதில்லை. எங்களுக்கு இருக்கும் வேலையில் யார் வரவில்லை என்று தேடுவதே சிரமமாக இருக்கிறது.
– செவிலியர், அரியலூர் மாவட்டம்

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. நீண்டகால நோய்களில் தொழில்நுட்பத்தின் முதல் பணி, வராதவர் யார் என்பதைத் தேட வேண்டிய தேவையே இல்லாமல் செய்வதாகும். 2017-இல் பஞ்சாப், கேரளம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில், பல மாவட்டங்களின் செவிலியர்கள் ‘சிம்பிள்’ என்ற செயலியைப் பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் அட்டையிலுள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து, அன்றைய அழுத்தத்தையும் மாத்திரையையும் பதிந்து, அடுத்த தேதியைக் குறிக்கிறார்கள். தேதி கடந்தவர்களின் பெயர்கள் தாமாகவே தனிப் பட்டியலில் சேர்ந்துவிடும். செயலியிலிருந்தே அவரை அழைத்து, வருவதாகச் சொன்னாரா, பிறகு அழைக்க வேண்டுமா, ஊர் மாறிவிட்டாரா என்பதை ஒரே தொடுதலில் குறித்துவிடலாம்.

உங்கள் நிலையத்தில் அப்படி ஒரு வசதி இல்லையென்றாலும், கணினியில் பெயர், எண், அடுத்த தேதி என்ற மூன்று பத்திகளில் ஒரு அட்டவணை வைத்துத் தேதி வாரியாக அடுக்கினால், அன்று அழைக்க வேண்டியவர்கள் மேலே வந்து நிற்பார்கள். அழைத்தும் வராதவர்களின் பட்டியலை, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பணியாளர்களிடம் கொடுங்கள். ஒரு நாள் கூலியை இழந்தால்தான் மாத்திரை வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு எத்தனை செய்தி அனுப்பியும் பயனில்லை. மாத்திரைதான் அவரிடம் போக வேண்டும்.

யார் வரமாட்டார்கள் என்பதைச் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே கணித்துச் சொல்லும் என்கிறார்கள். அதை வைத்து ஒரே நேரத்தில் இருவருக்கு டோக்கன் கொடுத்தால் நேரம் வீணாகாது அல்லவா?
– மருத்துவமனை மேலாளர், கோவை

கணிக்க முடியும். ஆனால் அந்தக் கணிப்பை வைத்து என்ன செய்கிறோம் என்பதில் நான் உங்களோடு உடன்படவில்லை. முன்பு வராதவர், தொலைவில் இருப்பவர், வசதி குறைந்தவர் ஆகியோரையே எந்திரம் பெரும்பாலும் வரமாட்டார் என்று கணிக்கும். இருவருக்கு ஒரே நேரம் தரும் வழக்கத்தை அவர்களிடம் கையாண்டால், இருவருமே வந்துவிடும் நாளில் நெடுநேரம் காத்திருப்பவர் ஏழையாகவே இருப்பார். அமெரிக்காவில் இந்த முறையை ஆராய்ந்தவர்கள், கறுப்பின நோயாளிகளே அதிக நேரம் காக்க வைக்கப்படுவதைக் கண்டார்கள். முன்னர்ச் சொன்ன எம்மித்ரா திட்டத்திலோ, கூகுள் ஆய்வாளர்களின் உதவியுடன், அழைப்புகளைக் கேட்பதை நிறுத்திவிடக்கூடிய தாய்மார்களைக் கணித்து, அவர்களைப் பணியாளர்களே தொலைபேசியில் அழைத்துப் பேச ஏற்பாடு செய்தார்கள். அதே கணிப்பு, அங்கே கூடுதல் அக்கறைக்குப் பயன்பட்டது. உங்கள் மருத்துவமனையிலும், வரமாட்டார் என்று கணிக்கப்பட்டவர்களின் பட்டியலில் மேலே இருப்பவரிடம் முதல் நாள் மாலை ஒருவர் பேசட்டும்.

வராமல் போவதைத் தவிர்க்க முன்பணம் வாங்கலாமா?
– பிசியோதெரபிஸ்ட், சேலம்

நீண்ட அமர்வுக்கு வாங்கலாம், யு.பி.ஐ. வந்தபின் அது எளிது. ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்பதைப் பதிவின்போதே சொல்லி, அதன்படி நடங்கள். பக்கவாதத்துக்குப் பின் பயிற்சிக்கு வருபவர்களிடம் மட்டும் வாங்க வேண்டாம். அவர்களை அழைத்து வர வேண்டியவர் இன்னொருவர். அவருக்கு விடுப்பு கிடைக்காத நாளுக்கு நோயாளி அபராதம் கட்டுவது முறையாகாது.

மனநல மருத்துவமனையின் வரவேற்பில் பணிபுரிகிறேன். நினைவூட்டல் அனுப்பியதால் வீட்டில் தெரிந்துவிட்டது என்று ஒரு பெண் அழுதுகொண்டே பேசினார். இனி அனுப்பாமலே இருந்துவிடலாமா?
– வாசகி, மதுரை

அனுப்புங்கள், ஆனால் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கைப்பேசி பல வீடுகளில் குடும்பத்துக்கே பொதுவானது. பூட்டிய திரையிலும் செய்தியின் முதல் வரி தெரியும். ஆகவே துறையின் பெயரோ, மருத்துவரின் பட்டமோ, நோயோ, மருந்தோ செய்தியில் இடம்பெறவே கூடாது. “நாளை காலை 11 மணி. மாற்ற வேண்டுமானால் இந்த எண்ணில் அழைக்கவும்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. அனுப்புநர் பெயரிலும் மனநலம் என்பதைக் காட்டும் எழுத்துகள் இருக்கக் கூடாது. செய்தியே வேண்டாம் என்பவரின் பதிவில் அதைக் குறித்து வைத்து, அடுத்த தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணை, அவருக்குத் தோதான நேரம் எது என்று கேட்டறிந்து, நீங்களே ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். அவருடைய சிகிச்சை இதனால் நின்றுவிடக் கூடாது.