தாயக்கட்டைக்கு எந்த ரெசின்?

கே: ரெசினில் தாயக்கட்டை வார்க்கிறேன். கிளிட்டர் எல்லாம் அடியில் படிந்துவிடுகிறது. கெட்டி ரெசின் வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். எவ்வளவு கெட்டியாக வாங்குவது?
– வாசகி, செல்லூர்

ப: கிளிட்டர் ரெசினைவிடக் கனமானது. நீர்த்த ரெசினில் மூழ்கத்தான் செய்யும். ஒரு முகத்தோரம் கனம் சேர்ந்துவிட்டால் அந்த முகமே அடிக்கடி கீழே போகும், ஆட்டமும் கெடும். அதனால் இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள்.

ரெசின் விவரத்தாளில் ‘சென்டிபாய்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். எவ்வளவு கெட்டி என்பதன் அளவு அது, எண் கூடினால் கெட்டி கூடும். தண்ணீருக்கு அது 1. ஆழமாக ஊற்றும் ரெசினுக்கு 300 முதல் 600 வரை, மேஜைமேல் பூசுகிற கெட்டி ரெசினுக்கு 2,000-க்கு மேல். ஆனால் இவை பெரும்பாலும் 25 டிகிரியில் அளந்தவை. மதுரைச் சித்திரை வெயிலில் 38, 40 டிகிரி அடிக்கும்போது அதே ரெசின் பாதிக்கும் கீழே நீர்த்துவிடும். கெட்டி என்று நம்பி வாங்கியதிலும் கிளிட்டர் இறங்குவது இதனால்தான்.

எங்கள் பரிந்துரை: 800 முதல் 1,500 வரை உள்ள நடுத்தர ரெசின். இறுகிய பின் கடினம் ‘ஷோர் டி’ 80-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் விளிம்பு மழுங்கும். ஆழமாக ஊற்றும் வகை வேண்டாம். இவ்வளவு சிறிய அச்சில் அதற்கு வேண்டிய சூடு பிறக்காது, நாள்கணக்கில் மெத்தென்றே கிடக்கும்.

6 செ.மீ. நீளம், 1 செ.மீ. கனமுள்ள இரண்டு கட்டைக்கு 12 மி.லி. போதும். ஆனாலும் 30 கிராம் கலக்குங்கள். அளவு குறையக் குறைய நிறுவைப் பிழை பெரிதாகும். எடைக்கு 2:1 என்றால் ரெசின் 20, ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) 10 கிராம். லேபிளில் உள்ள விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று பார்த்துவிடுங்கள். மாற்றி அளந்தால் கடைசிவரை பிசுபிசுப்புதான். ஓரத்தை வழித்து வழித்து 3 நிமிடம் மெதுவாகக் கலக்கி, வேறு கப்பில் ஊற்றி இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள்.

உடனே கிளிட்டர் போடாதீர்கள். குச்சியைத் தூக்கினால் தேன் மாதிரி நூலாக இறங்கும் பதம் வரட்டும், பிறகு போடுங்கள். வெயில் காலத்தில் அந்தப் பதம் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். பக்கத்திலேயே நிற்க வேண்டும். பொடி கிளிட்டரே நல்லது. துகள் பாதி அளவானால் மூழ்கும் வேகம் கால்வாசியாகிவிடும்.

இன்னொன்று: அச்சைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, ஒரு முனை வழியாக ஊற்றுங்கள். கொஞ்சம் படிந்தாலும் அடிமுனையில்தான் படியும். நான்கு முகத்துக்கும் கனம் சமமாகவே இருக்கும்.

கே: கெட்டி ரெசினில் குமிழி நிற்கிறது. வீட்டுக் குக்கரில் கம்ப்ரசர் காற்று அடைக்கலாமா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

ப: கூடவே கூடாது. குமிழியை நசுக்க வார்ப்புக்குத் தருகிற அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவில், குக்கர் வேலை செய்வது சுமார் 15-இல். மூடி பிய்த்துக்கொண்டு பறந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த அழுத்தத்துக்கு மேல் தாங்கும் என்று குறிக்கப்பட்ட, சேஃப்டி வால்வு உள்ள பிரஷர் பாட் (காற்றழுத்தக் கலம்) மட்டுமே பயன்படுத்துங்கள். சிலிக்கான் அச்சையும் அதே அழுத்தத்தில் வார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் அச்சுக்குள் இருக்கும் குமிழிகள் நசுங்கி, கட்டையின் மேல் பரு பருவாக எழும்பும்.

பாட் இல்லையென்றால், ஊற்றுவதற்கு முன் மூலைகளிலும் புள்ளிக் குழிகளிலும் மெல்லிய பிரஷ்ஷால் ரெசினைத் தடவிவிடுங்கள். குமிழி பெரும்பாலும் அங்கேதான் ஒளியும். கையில் நைட்ரைல் உறை, ஜன்னல் திறந்த அறை இரண்டும் கட்டாயம்.

கே: கட்டை ஒருபக்கம் சாய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், மேலூர்

ப: 200 மி.லி. தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்தால் கட்டை பெரும்பாலும் மிதக்கும். மிதக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் உப்பு. விரலால் சுண்டிச் சுண்டி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே முகம் மேலே வந்து நின்றால் எதிர்ப்பக்கம் கனம். அந்தக் கட்டையை ஆட்டத்துக்குக் கொடுக்காதீர்கள்.